கோஸ்டர் கேட்டில் உயரம் பார்த்தவன்

போன வாரம் செல்வி போன் செய்தாள். தீம் பார்க்கில் நான் நின்ற கேட்டில் இப்போது அவள்தான் நிற்கிறாள்.

“அண்ணே, ஒயரம் பாக்கற உங்க கம்பிய கழட்டிட்டாங்கண்ணே. லைட்டு வெச்சுகீறாங்க. பசங்க வந்து நின்னா போதும். பச்சை எரிஞ்சா போலாம், செவப்பு எரிஞ்சா போவக்கூடாது.”

“சண்டை வரலியா?”

“லைட்டுகூட யாருண்ணே சண்டை போடுவாங்க? கம்முனு போயிடறாங்க. எனக்குத்தான் போரடிக்குது. நீங்க இருந்தப்போ நடந்தத எழுதிக் குடுங்கண்ணே. புதுசா சேந்த பசங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்.”

எனக்குப் பேச்சு குறைவு. எழுத்து அதைவிடக் குறைவு. ஆனாலும் செல்வி கேட்டால் மறுக்க முடியாது. நான் வேலையை விட்டு நின்ற அன்று எனக்குப் போட்ட மாலையில் பாதியைப் பிய்த்து ரோலர் கோஸ்டர் வண்டிக்குப் போட்டவள் அவள்.

நான் திருமுல்லைவாயில் ஆள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தேன். அதை மூடினார்கள். பூந்தமல்லி தாண்டி ஒரு தீம் பார்க் வருகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். போனேன். முதலில் ஐஸ்கிரீம் குச்சி பொறுக்கினேன். பிறகு சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து சுற்றும் கப் ராட்டினத்துக்கு சுவிட்ச் போட்டேன். பிறகு கோஸ்டருக்கு மாற்றினார்கள். கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வசந்தா மேடம் சொல்லிக் கொடுத்தது.

வசந்தா மேடம் எங்கள் சூப்பர்வைசர். திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். யூனிஃபார்ம் சட்டை, பேண்ட், தலையில் மல்லிப்பூ. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடாமலே எங்களை ஓட ஓட வேலை வாங்கினார்.

காலையில் கேட் திறக்கும் முன்பு ஒவ்வொரு சீட்டாகப் பார்க்க வேண்டும். தோள் மேலே வந்து அமரும் அந்த இரும்பு லாக்கைக் கீழே இழுக்க வேண்டும். அது பிடிக்கிற சத்தம் காதில் விழ வேண்டும். பிறகு இரண்டு கையாலும், உடம்பு எடை முழுவதும் கொடுத்து, அதை மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். அசையக் கூடாது. சும்மா தொட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனால் மேடத்துக்குத் தெரிந்துவிடும். “அதுக்கு வலிக்காது. நல்லா தள்ளு” என்பார்.

அடுத்து, மணல் மூட்டைகளை உட்கார வைத்து ஒரு ஓட்டம். அது சரியாக வந்தால் எங்களை உட்கார வைத்து ஒரு ஓட்டம். மேடமும் வருவார். தினமும் வேறு வேறு சீட்டு. ஏறும் முன் தலைப்பூவை எடுத்து சுவிட்ச் போர்டு மேல் வைப்பார். காற்றில் போய்விடும் என்பதற்காக. வண்டி தலைகீழாகச் சுற்றிவிட்டு வந்து நிற்கும். நாங்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருப்போம். அவர் இறங்கி, பூவை எடுத்து வைத்துக்கொண்டு, “மூணாவது சீட்டுல குஷன் கிழிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவரிடம் ஒரு பழக்கம். எதைச் சொன்னாலும் எதுக்கு என்று கேட்பார்.

“செருப்ப ஏன் கழட்டச் சொல்ற?”

“ரூலு மேடம்.”

“ரூலு எதுக்கு?”

“பறந்து போயி கீழ கீறவன் மண்டைல விழும்.”

“அத சொல்லு. ரூலுன்னு சொல்லாத.”

என்னை உயரம் பார்க்கிற கேட்டில் போட்ட அன்றும் அதே கேள்வி.

“ஒயரம் எதுக்குப் பாக்கற?”

“சின்னப் பசங்க பயப்படும் மேடம்.”

“பெரியவங்க பயப்படறதில்ல?”

மேடம் என்னை சீட்டில் உட்கார வைத்து லாக்கை இறக்கினார். அது என் தோளில் வந்து உட்கார்ந்தது. “தோளு இன்னும் கீழ இருந்தா?” என்றார். நடுவில் இடைவெளி விழும், ஆள் உள்ளே ஆடுவான் என்றேன். “அதுக்குத்தான். வாசல்ல நிக்கவெச்சு தோள அளக்க முடியாது. அதனால தலைய அளக்கறோம்” என்றார்.

உயரம் பார்ப்பது இப்படித்தான். கேட்டில் ஒரு தூண். தூணில் குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் தலை இடித்தால் உள்ளே போகலாம். இடிக்காமல் அடியில் நுழைந்துவிட்டால் போகக் கூடாது. இடித்ததா இல்லையா என்று பெற்றவர்களோடு தினமும் தகராறு. அதனால் கம்பியில் கொஞ்சம் சலங்கை கட்டித் தொங்கவிட்டேன். தலை பட்டால் ஜல்லென்று சத்தம் வரும். வரிசையில் நிற்கிறவர்கள் கை தட்டுவார்கள். அந்தக் கைத்தட்டலுக்காகவே சில பிள்ளைகள் திரும்பத் திரும்ப வந்து இடித்துவிட்டுப் போகும்.

எங்கள் பார்க்கில் இன்னொரு விஷயம். டிக்கெட் கவுண்டரிலும் உயரம் பார்ப்பார்கள். உயரம் குறைந்த பிள்ளைக்கு அரை டிக்கெட். அதனால் கவுண்டரில் எல்லாப் பிள்ளையும் குட்டையாக இருக்கும். கவுண்டரிலிருந்து என் கேட்டுக்கு வருவதற்குள் வளர்ந்துவிடும். உச்சியில் கொண்டை போட்டுக் கூட்டி வருவார்கள். ஷூவுக்குள் துணி திணித்துக் கூட்டி வருவார்கள். நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஷூவைக் கழற்றச் சொல்வேன். கொண்டையை உள்ளங்கையால் அமுக்குவேன்.

ஒரு தடவை பருத்திப்பட்டிலிருந்து ஒரு குடும்பம். பையன் நல்ல வளர்த்தி. தாராளமாக இடிக்க வேண்டியவன். கம்பிக்குக் கீழே வந்ததும் முட்டியை மடக்கிக்கொண்டு வாத்து மாதிரி நடந்து அந்தப் பக்கம் போய்விட்டான். சலங்கை அசையவில்லை.

“டேய், நிமிந்து நில்றா!” என்று அவன் அப்பா கத்தினார்.

“நீதான நைனா மடக்க சொன்ன?”

“அது அங்கடா!”

“இங்கயும் கம்பி கீதே?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “நல்லா வாங்கனியா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டார். பையனைத் திரும்ப வரச் சொல்லி நிமிர்ந்து நடக்கவிட்டேன். ஜல்லென்றது. கவுண்டரில் நடந்தது என் வேலை இல்லை.

புதுப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உட்கார்ந்த பிறகு பயந்து இறங்குகிறவர்கள் தினமும் உண்டு. அவர்களுக்காக அந்தப் பக்கம் ஒரு சின்ன வழி இருக்கிறது. நேராக டீக்கடைக்குப் போகும். அந்த வழியாக யாரை அனுப்பினாலும் நாங்கள் வரிசையைப் பார்த்து, “சாருக்கு போன் வந்துச்சு” என்று சொல்வோம். பெண்களானால் “மேடத்துக்கு போன் வந்துச்சு.” யார் ஆரம்பித்து வைத்ததோ தெரியாது. நான் சேர்ந்தபோதே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் எல்லோரும் வண்டிக்கே வருவார்கள். யார் கையிலும் போன் இருக்காது. ஆனாலும் ஒருத்தரும் எங்களைக் கேள்வி கேட்டதில்லை.

ஒரு ஜிம் மாஸ்டர் வந்தார். கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு. லாக்கை இறக்கியதும் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணாத்தே, தொறந்துடு” என்றார். திறந்தேன். அவருடைய சிஷ்யப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். “மாஸ்டருக்கு போன் வந்துச்சு” என்றேன். “மாஸ்டர் ரொம்ப பிஸி மச்சான்” என்றான் ஒருவன். எல்லோரும் தலையாட்டினார்கள். மாஸ்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இனி குமரேசன் கதை. செல்வி முக்கியமாக இதைத்தான் எழுதச் சொல்கிறாள். அன்று அவள் சுவிட்ச் போர்டில் இருந்தாள்.

குமரேசன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். உயரம் குறைந்தவர். கை கால் குட்டை. என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வருவார். மூன்றாவது படிக்கிற மகளோடு வந்திருந்தார். பெயர் யாழினி. அவள் அம்மாவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லையாம்.

யாழினியை எனக்கு முன்பே தெரியும். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் கூட்டி வந்தபோது கம்பிக்கு அடியில் நுழைந்துவிட்டு அழுதவள். இந்த முறை வரிசையில் நிற்கும்போதே எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு வருஷமாகப் பால் குடிக்கிறாளாம். ஜன்னல் கம்பியில் தொங்குகிறாளாம். கம்பிக்கு எட்டினால் அப்பாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறாராம். முன்னால் நிற்கிறவர், பின்னால் நிற்கிறவர் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அவள் முறை வந்தது. ஜல்லென்றது. நல்ல கைத்தட்டல். அவள் குதித்தாள். குதித்ததில் இன்னொரு தடவை ஜல்லென்றது.

அவள் வயசுப் பிள்ளைக்குப் பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். அவளுக்குப் பின்னால் குமரேசன் நடந்து வந்தார். சத்தம் வரவில்லை. கம்பிக்கும் தலைக்கும் நடுவில் நிறைய இடம் இருந்தது.

யாழினி கம்பியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கம்பி அப்பாவுக்கும் உண்டு என்று அவளுக்கு அந்த நொடிதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

குமரேசன்தான் பேசினார். “எஸ்டேட்ல எனக்கு வேலையே கேஜ் வெச்சு அளவு பாக்கறதுதான் அண்ணாத்தே. சைஸ் வரலன்னா தூக்கி அந்தாண்ட போட்ருவேன். இன்னிக்கி நான் ரிஜெக்ட்டு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். யாழினி சிரிக்கவில்லை.

“அப்பா இல்லாம நான் போமாட்டேன்” என்றாள்.

“தலைவா, பெரிய ஆளுதான தலைவா, உடு” என்றான் வரிசையில் ஒரு காலேஜ் பையன்.

நான் விடவில்லை. விட முடியாது. ஆனால் அனுப்பவும் மனசு வரவில்லை. இருவரையும் ஓரமாக நிற்க வைத்துவிட்டு வாக்கி டாக்கியில் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மேடம் வந்தார். குமரேசனை மேலும் கீழும் பார்க்கவில்லை. முகத்தை மட்டும் பார்த்து, “சார், நீங்க உக்காந்தா எவ்ளோ ஒயரம்?” என்று கேட்டார்.

“அத யாரும் கேட்டதில்லீங்க மேடம்.”

இன்ஜினியர் பிரபுவை வரச் சொன்னார். பிரபு சின்ன வயசு, நல்ல பிள்ளை. வண்டி செய்த கம்பெனி கொடுத்த புத்தகத்தோடு ஓடி வந்தான். புரட்டிப் பார்த்தான். “உக்காந்த ஒயரமும் போட்டிருக்காங்க மேடம். நம்ம கேட்டு போர்டுல நின்ன ஒயரம் மட்டும் எழுதிட்டோம்” என்றான்.

வண்டியை நிறுத்தி வைத்தார்கள். வரிசைக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். அந்தக் காலேஜ் பையன் திரும்பி, “கம்முனு இரு மாமே, நம்ம ஆளு ஏறப் போறாரு” என்று அதட்டினான். குமரேசனை சீட்டில் தூக்கி உட்கார வைக்கலாமா என்று நான் கையை நீட்டினேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாமாகவே ஏறி உட்கார்ந்தார்.

உட்கார்ந்ததும் ஆள் வேறு மாதிரி தெரிந்தார். அவருக்குக் கால்தான் குட்டை. இடுப்புக்கு மேலே என் அளவு இருந்தார். பிரபு டேப்பை வைத்து அளந்தான். புத்தகத்தைப் பார்த்தான். மறுபடியும் அளந்தான். மேடம் லாக்கை இறக்கச் சொன்னார். இறக்கினேன். தோளில் வந்து பொருந்தி உட்கார்ந்தது. பிடிக்கிற சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் மேலே தள்ளினேன். அசையவில்லை. அவரை முன்னால் சாயச் சொல்லி, பக்கவாட்டில் நகரச் சொல்லிப் பார்த்தோம். இடைவெளி இல்லை. கால் தரையில் எட்டவில்லை. அது எட்ட வேண்டியதில்லை என்று புத்தகத்தில் இருக்கிறது என்றான் பிரபு. தொடை பெல்ட்டும் சரியாக வந்தது.

“மேனேஜருக்கும் ஒரு வார்த்த சொல்லிட்டு வரேன்” என்று மேடம் பிரபுவைக் கூட்டிக்கொண்டு சுவிட்ச் போர்டுப் பக்கம் போனார்.

தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் யாழினி கைதட்டிக்கொண்டு நின்றாள். வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. நான் லாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குமரேசன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணாத்தே.”

“இன்னா?”

“லாக்கு புடிக்கலன்னு சொல்லிடு அண்ணாத்தே.”

“புடிச்சிச்சே.”

“புடிச்சிச்சு. எனக்கும் தெரியும். புடிக்கலன்னு சொல்லு. உன் கால்ல விழறேன்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் குரலை இன்னும் தாழ்த்தினார்.

“எனக்கு ஸ்டூல் மேல ஏறுனாலே தல சுத்தும். எங்க போனாலும் கம்பி வெச்சு நிறுத்திடறானுங்க, இங்கயும் நிறுத்துவாங்கன்ற தைரியத்துல கொழந்தைக்கு வாக்கு குடுத்துட்டேன். ஒரு வருசமா நான் உன் பக்கத்துல கீறேன், பயப்படாதன்னு நான்தான் தைரியம் சொல்லிகினு கீறேன். இந்தம்மா இன்னாடான்னா புக்கெல்லாம் எடுத்தாந்து ஏத்தி உட்டுடுச்சு. எம்பொண்ணு என்ன இன்னா நெனைக்கும்?”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவருக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை. மகள் எதிரே நிற்கிறாள். இவ்வளவு நேரம் காத்திருந்த கூட்டமும் நிற்கிறது.

“லாக்கு விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன் நைனா” என்றேன். “எறங்கணும்னா எறங்கிக்கோ. யாரும் தடுக்க முடியாது. இந்தாண்ட ஒரு வழி கீது. போன் வந்துச்சுன்னு சொல்லிடறேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது.”

“எல்லாருக்குமா?”

“ஜிம் மாஸ்டருக்கே சொன்னேன்.”

அவர் கொஞ்ச நேரம் அந்தச் சின்ன வழியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தன் தோள் மேலிருந்த லாக்கைத் தொட்டுப் பார்த்தார்.

மேடம் திரும்பி வந்தார். “மேனேஜர் சரின்னுட்டாரு. போலாம் சார்” என்றார். வரிசையில் விசில் பறந்தது.

“போன் சொல்லட்டுமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வாணாம் அண்ணாத்தே. தொற. நானே சொல்லிக்கறேன்.”

திறந்தேன். குமரேசன் இறங்கினார். யாழினிக்கு எதிரே போய் நின்றார். அவளைக் கொஞ்சம் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

“பாப்பா, அப்பாக்கு பயமா கீதும்மா.”

“பயமா? நெஜமாவா?”

“ஊட்ல பல்லி வந்தா கட்டில் மேல ஏறி நிக்கறது யாரு?”

“நீதான்.”

“அப்பறம்?”

“அப்ப ஏன்ப்பா ஒரு வருசமா வரேன் வரேன்னு சொன்ன?”

“கம்பி என்ன வெளிய தள்ளிடும்னு நெனச்சேன். இந்த மேடம் தள்ள மாட்டேன்றாங்களே, நான் இன்னா செய்ய?”

முதலில் சிரித்தது மேடம்தான். அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. காலேஜ் பையன், “எனக்கும் பயமாத்தான் கீது தலைவா, இவனுங்க இட்டாந்துட்டானுங்க” என்று கூட வந்தவர்களைக் காட்டினான்.

யாழினி கொஞ்சம் யோசித்தாள். போன வருஷம் மாதிரி அழுதுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவள் அழவில்லை. அப்பா கன்னத்தைப் பிடித்து, “செரி, நீ கீழ நில்லு. நான் போய்ட்டு வந்து எப்டி இருந்துச்சுன்னு சொல்றேன். பயந்துக்காத” என்றாள்.

“பக்கத்துல யாரு ஒக்காருவாங்க?” என்று என்னைக் கேட்டாள்.

மேடம் தலையிலிருந்து பூவை எடுத்து செல்வி கையில் கொடுத்தார்.

அந்த ஓட்டம் முழுக்க குமரேசன் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். “மேல போயிடுச்சா?” என்பார். போய்விட்டது என்பேன். “கீழ வருதா?” வருகிறது என்பேன். “கத்துதா?” சிரிக்கிறாள் என்பேன். வண்டி வந்து நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தார். யாழினி தலைமுடி எல்லாம் முகத்தில் விழ, பேச்சே வராமல் வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் பேச்சு வந்தது. நிற்கவில்லை.

அடுத்த வாரமே மேடம் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்து வரச் சொல்லிக் கேட்டுக்குப் பக்கத்தில் போட்டார். நின்ற உயரம் போதாத பெரியவர்களை அதில் உட்கார வைத்து அளக்கச் சொன்னார். செல்வி, லைட்டு வந்தாலும் அந்த சீட்டை எடுக்க விடாதே.

அன்று போகும்போது குமரேசன் எனக்குக் கை கொடுத்தார்.

“இன்னா நைனா, ஏறாமலே போற” என்றேன்.

“அண்ணாத்தே, இத்தினி வருசமா எங்க போனாலும் அவனுங்கதான் என்ன வாணாம்னு சொல்லிகினு இருந்தானுங்க. இன்னிக்கித்தான் நான் வாணாம்னு சொன்னேன். நல்லாத்தான் கீது.”

சொல்லிவிட்டு மகளோடு நடந்தார். பக்கத்தில் படகு ஊஞ்சல். அங்கே நிற்கிற பையன் அவரைப் பார்த்ததும் வழக்கம்போலக் கையை நீட்டித் தடுக்கப் போனான். குமரேசன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னது என் கேட்டுவரை கேட்டது.

“இன்னாப்பா கை நீட்ற? மேடத்தக் கேட்டுப் பாரு, உக்காந்து அளந்தா நான் ஃபுல் சைஸ். நானாத்தான் ஏறல.”